இன்றைக்கு எதற்கு ஓட்டு?

ஒரே வகுப்பறையில், ஒரே மேசைக்குப் பின்னால், ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை நான் தேர்தல் பணியில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை நாடு முழுவதற்குமான நாடாளுமன்றத் தேர்தல். இரண்டாம் முறை மாநில அவைக்கான தேர்தல். வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடிப் பிடித்து, அதன் கீழே கோடு போட்டு, வரிசை எண்ணை உரக்கப் படிப்பதுதான் இரண்டு முறையும் என் வேலை. முதல் முறை காலை பத்து மணிக்குள் விரல் வலிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டாம் முறை பிற்பகல் மூன்று மணிக்கு, வாசலில் ஒருவருமில்லாத நேரத்தில், பட்டியலின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில், ஒரே முகவரியில், அடுத்தடுத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. தொழிலாளர் தங்கும் விடுதி ஒன்றின் முகவரி அது. முந்தைய தேர்தலில் அவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்த கையோடு ஒன்றாக வந்து நின்றதும், நான் அந்த ஒரு பக்கத்திலேயே மளமளவென்று கோடு போட்டதும் நன்றாக நினைவிருந்தது. இந்த முறை பன்னிரண்டு பெயர்களில் ஒன்றின் கீழும் கோடு இல்லை.

நான்கு மணி வாக்கில் ஒரு முதியவர் வந்தார். பெயரைச் சரிபார்த்துக் கோடு போட்ட பிறகு, நகராமல் நின்று, "தம்பி, இன்னைக்கு எதுக்கு ஓட்டு?" என்று கேட்டார். "மாநிலத் தேர்தல் ஐயா" என்றேன். "போன வருஷம்தானே போட்டேன்?" என்றார். "அது நாடாளுமன்றத்துக்கு ஐயா." அவர் தலையசைத்தார், புரிந்துவிட்டது என்பதற்கான தலையசைப்பாக அது தெரியவில்லை. "இவங்க என்ன செய்வாங்க?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு மேல் நான் பேசக் கூடாது. தேர்தலின் பெயரைச் சொல்லலாம். எந்த அரசு எதைச் செய்கிறது என்று வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினால் அது யாருக்கோ சாதகமான பேச்சாகிவிடும். அவர் தமக்குத் தெரிந்தபடி வாக்களித்துவிட்டுப் போனார். ஒரே மக்கள், ஒரே வாக்குச்சாவடி, ஒரே உரிமை. ஆனாலும் ஒரு தேர்தலுக்குத் திரண்டு வருகிறவர்கள் இன்னொன்றுக்கு ஏன் வருவதில்லை என்பதை அன்றிலிருந்து விடாமல் படித்துவருகிறேன். படித்ததையும், படித்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவையும் இங்கே எழுதுகிறேன்.

வாக்குப்பதிவு குறையும்போதெல்லாம் மக்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. பொறுப்பில்லாமைதான் காரணமென்றால், அது எல்லாத் தேர்தலிலும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டின் இடைக்காலத் தேர்தலில், அதாவது அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு நடக்கும் தேர்தலில், வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய 37 சதவீதத்தினர்தான் வாக்களித்தார்கள். 2018இல் நடந்த அதே வகைத் தேர்தலில் 50 சதவீதத்தினர் வந்தார்கள். 2020இல் அதிபர் தேர்தலோடு சேர்ந்து நடந்தபோது எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டது. ஆறே ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் பொறுப்புணர்வு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாறியது மக்களின் குணமல்ல, அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வி.

இதை முதலில் ஒழுங்காகச் சொன்னவர்கள் கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதன்முதலாக நேரடித் தேர்தல் நடந்தபோது, உறுப்பு நாடுகள் சிலவற்றில் மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு அவர்கள் இருவரும் 'இரண்டாம் நிலைத் தேர்தல்' என்ற கருத்தை முன்வைத்தார்கள். யார் நாட்டை ஆள்வது என்பதைத் தீர்மானிக்கும் தேர்தல் முதல் நிலை. மற்றவை இரண்டாம் நிலை. இரண்டாம் நிலைத் தேர்தலில் பணயம் குறைவு. ஆகவே வருகிறவர்களும் குறைவு. வருகிறவர்களும் பல நேரங்களில் நாட்டை ஆளும் கட்சிக்குப் பாடம் புகட்டவே வருகிறார்கள் என்பது அதன் சாரம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கதையும் நெடுங்காலம் அதற்குச் சாட்சியாகவே இருந்தது. 1979இல் 62 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2014இல் 42.6 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டு ஸ்லோவாக்கியாவில் 13 சதவீதத்தினர் மட்டுமே வாக்களித்தார்கள். தேசிய நாடாளுமன்றங்களைவிடப் பரந்த நிலப்பரப்புக்குச் சட்டமியற்றும் அவை அது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த அவை பெரியது, எந்த அவை சிறியது என்பதைக் கொண்டு மக்கள் வருவதுமில்லை, வராமலிருப்பதுமில்லை. தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் நம்புகிறார்களோ அங்கே வருகிறார்கள். இரண்டு வாக்குப்பதிவுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி மக்கள் போட்டுவைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு பல இடங்களில் சரியாகவே இருக்கிறது என்பதும், தப்பாக இருக்கும் இடங்களில் அதற்கான பழி வாக்காளர் மேல் விழக் கூடாது என்பதும் என் எண்ணம்.

இதைக் கூர்ந்து பார்க்க ஸ்வீடனைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே 1970 முதல் நாடாளுமன்றம், வட்டார அவை, உள்ளாட்சி ஆகிய மூன்றுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கிறது. நாடாளுமன்றத்துக்கு மஞ்சள் சீட்டு, வட்டார அவைக்கு நீலச் சீட்டு, உள்ளாட்சிக்கு வெள்ளைச் சீட்டு. வாக்குச்சாவடிக்கு வந்துவிட்ட ஒருவர் மஞ்சள் சீட்டை எடுத்த கையோடு மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்; கூடுதலாக ஒரு காலடிகூட நடக்க வேண்டியதில்லை. இருந்தும் 2022இல் நாடாளுமன்றத்துக்கு 84 சதவீதமும் வட்டார அவைகளுக்கு 80 சதவீதத்தை ஒட்டியும்தான் பதிவானது. இந்த நான்கு சதவீதத்தைப் பார்த்தவுடன், நீலச் சீட்டை மக்கள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எண்ணத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் வகுக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் வாழும் வெளிநாட்டுக் குடிமக்களுக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகளின் கீழ், வட்டார அவைக்கும் உள்ளாட்சிக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டு, நாடாளுமன்றத்துக்கு இல்லை. அவர்களிடையே வாக்குப்பதிவு மிகக் குறைவு. ஆக, அந்த நான்கு சதவீதத்தில் ஒரு பெரும் பங்கு, இரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல என்பதிலிருந்து பிறக்கிறது. வாக்குப்பதிவுச் சதவீதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருக்கும் எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள், கீழே இருக்கும் எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. பட்டியலில் இறந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் நீக்கப்படாமல் கிடந்தால் சதவீதம் குறைந்து தெரியும். பட்டியலைக் கடுமையாகச் சுருக்கினால் ஒருவர்கூடக் கூடுதலாக வராமலேயே சதவீதம் உயரும். இரண்டு தேர்தல்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் இதைச் சரிபார்த்துவிட்டுத்தான் மக்களின் மனத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்வீடனில் இன்னொன்றும் நடந்தது. 2010 தேர்தலில், கோத்தன்பர்க் நகரை உள்ளடக்கிய வெஸ்த்ரா யோத்தலாந்து வட்டாரத்தில் வாக்குகளைக் கையாண்டதில் தவறுகள் நேர்ந்ததால், வட்டார அவைக்கான தேர்தலை மட்டும் மறுபடி நடத்தும்படி உத்தரவானது. அந்த மறுதேர்தல் 2011 மே 15 அன்று தனியாக நடந்தது. மஞ்சள் சீட்டு இல்லை, வெள்ளைச் சீட்டு இல்லை. நீலச் சீட்டு மட்டும். முந்தைய செப்டம்பரில் 80 சதவீதத்தை ஒட்டி இருந்த வாக்குப்பதிவு 44 சதவீதமாகிவிட்டது. அதே மக்கள், அதே அவை. இடையே எட்டு மாதங்கள்தான். ஸ்வீடனில் வட்டார அவையின் தலையாய வேலை மருத்துவம்; மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நடத்துவது அதுதான், அதற்காக வருமானத்தின் மீது வரி விதிப்பதும் அதுதான். அவ்வளவு முக்கியமான வேலையைச் செய்யும் அவையைத் தேர்ந்தெடுக்க, நாடாளுமன்றத் தேர்தலின் துணையில்லாமல், பாதிப் பேர்கூட வரவில்லை. செப்டம்பரில் நீலச் சீட்டை எடுத்த பலரும் மஞ்சள் சீட்டுக்காக வந்தவர்கள் என்பதை மே மாதம் காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த எண்ணை முதன்முதலாகப் பார்த்த இரவு என் கையிலிருந்த பட்டியலின் அந்த ஒரு பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் மாநில அவை என்றாலே மக்களுக்கு அக்கறையில்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. அதற்கு இத்தாலியின் எமிலியா-ரொமான்யா தடையாக நிற்கிறது. போலோன்யாவைத் தலைநகராகக் கொண்ட அந்த மாநிலம் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பொதுவாழ்வுக்கும் பெயர்பெற்றது. வாக்களிப்பதிலும் இத்தாலியில் எப்போதும் முன்வரிசையில் இருந்தது. அங்கே 2010 மாநிலத் தேர்தலில் 68 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். 2014 நவம்பரில் 37.7 சதவீதத்தினர் மட்டுமே வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு அதே மக்களில் சுமார் 70 சதவீதத்தினர் வாக்களித்திருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விழுக்காட்டின் வீழ்ச்சி எவ்வளவு பெரியது என்பது விளங்கும். 2020 ஜனவரியில் மறுபடி மாநிலத் தேர்தல், 67.7 சதவீதம். 2024 நவம்பரில் 46.4.

மாநில அரசின் அதிகாரம் இந்த ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மருத்துவமனைகள் அதே கையில்தான் இருந்தன. மாறியது போட்டி. 2014இல் மாநிலத் தலைவர் பதவி விலகியதால் தேர்தல் முன்கூட்டியே வந்தது. அவை உறுப்பினர்கள் பொதுப்பணத்தைச் செலவிட்ட விதம் குறித்து விசாரணை நடந்துகொண்டிருந்ததில் மக்கள் கசந்து போயிருந்தார்கள். அதற்கும் மேலாக, பல பத்தாண்டுகளாக ஆண்டுவரும் இடதுசாரி அணிதான் வெல்லும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. 2020இல் அந்த அணி முதன்முறையாகத் தோற்கக்கூடும் என்ற நிலை வந்தது. வலதுசாரித் தலைவர் மத்தேயோ சல்வினி மாநிலம் முழுவதும் சுற்றிப் பிரசாரம் செய்தார். அவருக்கு எதிராக, மத்தி மீன்களைப் போல நெருக்கியடித்து நிற்போம் என்று சொல்லித் தங்களைச் 'சார்டின்கள்' என்று அழைத்துக்கொண்ட இளைஞர்கள் 2019 நவம்பரில் போலோன்யாவின் சதுக்கத்தை நிரப்பினார்கள். தம் ஒரு வாக்கால் ஏதோ ஒன்று நிற்கும் அல்லது விழும் என்று இரு தரப்பும் நம்பின. ஐந்தே ஆண்டுகளில் 30 சதவீதப் புள்ளிகள் ஏறியதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம். முடிவு முன்கூட்டியே தெரிந்த பந்தயத்தைப் பார்க்க யாரும் வேலையை விட்டு வருவதில்லை. இந்த ஒரு மாநிலத்தின் நான்கு எண்கள் கற்றுத்தருவதை எத்தனையோ பொதுக் கோட்பாடுகள் கற்றுத்தருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் ஒரு படி மேலே போய், மாநிலத் தேர்தலே முதல் நிலைத் தேர்தலாக மாறிவிடும் இடங்களும் உண்டு. கனடாவின் கியூபெக்கில் 2011 கூட்டாட்சித் தேர்தலுக்கு 63 சதவீதத்தினர் வந்தார்கள்; 2012 மாகாணத் தேர்தலுக்கு ஏறக்குறைய 75 சதவீதத்தினர். கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்ற ஆண்டு அது; பிரெஞ்சு மொழியின் எதிர்காலமும் பிரிந்துபோவதா சேர்ந்திருப்பதா என்ற கேள்வியும் அங்கே மாகாண அவையோடு பிணைந்தவை. பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் 2022இல் மாகாணத் தேர்தலுக்கு வந்தவர்கள் சுமார் 44 சதவீதம்தான். ஓராண்டுக்கு முன் அதே மக்கள் கூட்டாட்சித் தேர்தலுக்கு 60 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தார்கள். இரண்டு மாகாணங்களுக்கும் அரசியல் சட்டம் தரும் அதிகாரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் மாகாண அவை, மக்கள் தம்மை யார் என்று சொல்லிக்கொள்ளும் இடமாக இருக்கிறது. மற்றதில் நிர்வாகம் நடக்கும் அலுவலகமாக இருக்கிறது. ஆனால் கியூபெக்கிலும் இது நிரந்தரமல்ல. 2008 அக்டோபரில் கூட்டாட்சித் தேர்தல் முடிந்து, இரண்டே மாதத்தில், டிசம்பர் குளிரில் மாகாணத் தேர்தல் வந்தபோது வாக்குப்பதிவு 57 சதவீதத்துக்குச் சரிந்தது.

ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கத்தலோனியாவின் கதை இதைவிட நுட்பமானது. அங்கே நெடுங்காலம், ஸ்பெயின் நாடாளுமன்றத் தேர்தலுக்கு வருபவர்களில் ஒரு பெரும் பகுதியினர் கத்தலோனிய அவைத் தேர்தலுக்கு வருவதில்லை. 1992இல் கத்தலோனிய அவைக்கு 55 சதவீதம். அடுத்த ஆண்டு ஸ்பெயின் நாடாளுமன்றத்துக்கு அதே மண்ணில் நான்கில் மூன்று பங்கு. வராதவர்கள் யார் என்று பார்த்தால், பார்சலோனாவைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் குடியேறிய, ஆந்தலூசியா போன்ற பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் அதிகம். கத்தலோனிய அவை கத்தலான் மொழி பேசுகிறவர்களின் விவகாரம், நமக்கு அதில் வேலையில்லை என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். தங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நடத்துவது அந்த அவைதான் என்றபோதிலும். 2017 டிசம்பர் 21இல் இது தலைகீழாயிற்று. பிரிவினை வாக்கெடுப்பு நடந்து, மத்திய அரசு கத்தலோனிய அரசைக் கலைத்து, தானே தேர்தலை அறிவித்திருந்தது. வேலைநாளான ஒரு வியாழக்கிழமை அது. 79 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். முன்பு வீட்டிலிருந்த அந்தத் தொழிலாளர் பகுதிகளும் வரிசையில் நின்றன. பிரிவினையை எதிர்த்த ஒரு கட்சியே அதிக வாக்குகள் பெற்றது. நாம் இல்லாமலேயே நம் விதி தீர்மானிக்கப்பட்டுவிடும் என்ற அச்சம் வந்தவுடன், 'அவர்களுடைய' தேர்தல் ஒரே நாளில் 'நம்முடைய' தேர்தலாகிவிட்டது. பிறகு 2021இல், பெருந்தொற்றுக்கு நடுவே, 51 சதவீதத்துக்குத் திரும்பியது.

இந்தியாவைப் பொறுத்தவரை ரைஃப், ஷ்மிட் ஆகியோரின் கோட்பாட்டை அப்படியே பொருத்த முடியாது. பல மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தலுக்கு மக்களவைத் தேர்தலைவிட அதிகம் பேர் வருகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2014 மக்களவைக்கு 58 சதவீதம், 2017 சட்டமன்றத்துக்கு 61. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவல் நிலையம், நிலப் பதிவு, அரசு மருத்துவமனை, பள்ளி, உணவுப் பொருள் விநியோகம் எல்லாம் மாநில அரசின் கையில் இருக்கின்றன, தொகுதி சிறியது, வேட்பாளரை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம், பெரும் கட்சிகளுக்கு இணையாகவோ மேலாகவோ மாநிலக் கட்சிகள் நிற்கின்றன. 1967 வரை பெரும்பாலும் இரண்டு தேர்தல்களும் ஒன்றாகவே நடந்தன. அந்த ஆண்டு மக்களவைக்கு 61 சதவீதம் பதிவானது. இந்திரா காந்தி மக்களவையை ஓராண்டு முன்னதாகக் கலைத்ததால் 1971இல் மக்களவைத் தேர்தல் பெரும்பாலான மாநிலங்களில் தனியாக நடந்தபோது அது 55 ஆகக் குறைந்தது. ஸ்வீடனில் நீலச் சீட்டை மஞ்சள் சீட்டு இழுத்துவந்தது போல, இங்கே நாடாளுமன்ற வாக்கைச் சட்டமன்ற வாக்கு இழுத்துவந்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம். ஜம்மு-காஷ்மீரில் 2014இல் ஏறக்குறைய பாதிப் பேர் மக்களவைக்கு வாக்களித்தார்கள். செப்டம்பர் பெருவெள்ளத்துக்குப் பிறகு, கடுங்குளிரில் நடந்த சட்டமன்றத் தேர்தலுக்கு 65 சதவீதத்தினர் வந்தார்கள். டெல்லியில் யார் ஆள்வது என்பதை ஒட்டுமொத்த அரசியல் கேள்வியாகவும், சாலையும் மின்சாரமும் தருவது யார் என்பதை அன்றாடக் கேள்வியாகவும் மக்கள் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

இதுவரை மக்களின் கணக்கைப் பற்றியே பேசினேன். அந்தக் கணக்கைப் போட அவர்களுக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில், அதன் சொந்த அவைக்கு 1999 முதல் 2021 வரை நடந்த ஆறு தேர்தல்களில் ஒன்றில்கூட வாக்குப்பதிவு 50 சதவீதத்தை எட்டவில்லை. அங்குள்ளவர்களில் பெரும்பாலோர் படிக்கும் செய்தித்தாள்களும் பார்க்கும் செய்திகளும் லண்டனிலிருந்து வருகின்றன. இங்கிலாந்தின் மருத்துவத் துறையைப் பற்றிய செய்தியைத் தங்களுடையது என்று எண்ணிக் கவலைப்பட்டு, அதன் கோபத்தை லண்டன் நாடாளுமன்றத் தேர்தலில் காட்டும் நிலை அவர்களுக்கு நேர்கிறது. பக்கத்திலுள்ள ஸ்காட்லாந்துக்கு வலுவான சொந்த ஊடகங்கள் உண்டு. 2014 விடுதலை வாக்கெடுப்பில் 84.6 சதவீதத்தினர் வாக்களித்த பிறகு அங்கே அவைத் தேர்தலின் மதிப்பே மாறிவிட்டது. 2003இல் பாதிக்கும் சற்றுக் குறைவாக இருந்த வாக்குப்பதிவு 2021இல் 63 சதவீதத்தைத் தாண்டியது. 2024இல் லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஸ்காட்லாந்தில் பதிவானதோ 59 சதவீதம்தான்.

அடுத்தது கட்சிகளின் உழைப்பு. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதற்கு ஆளும் பணமும் வேண்டும். கட்சிகள் அவற்றைத் தங்களுக்கு எங்கே அதிகம் கிடைக்குமோ அங்கே செலவிடுகின்றன. இரண்டாம் தேர்தலில் என் வாக்குச்சாவடிக்கு வெளியே கட்சி முகவர்களின் மேசைகள் முந்தைய தேர்தலில் இருந்ததில் பாதிகூட இல்லை. ஒருவர் எப்போதும் வாக்களிப்பவராக இருந்தால் அவரை யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஒருபோதும் வாக்களிக்காதவரை யார் அழைத்தும் பயனில்லை. வித்தியாசம் முழுவதையும் உண்டாக்குபவர்கள் நடுவில் நிற்பவர்கள்: அழைத்தால் வருவார்கள், அழைக்காவிட்டால் வரமாட்டார்கள். இளைஞர்கள், அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், நாள்கூலிக்குப் போகிறவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் இந்த நடுப்பகுதியில்தான் அதிகம். அதனால் வாக்குப்பதிவு 70இலிருந்து 45க்கு இறங்கும்போது எல்லாத் தரப்பும் சம அளவில் குறைவதில்லை. வயதானவர்களும் சொந்த வீடுள்ளவர்களும் ஏறக்குறைய அப்படியே வருகிறார்கள். மற்றவர்கள் பட்டியலில் வெறும் பெயர்களாக நின்றுவிடுகிறார்கள். அரசுப் பள்ளியையும் அரசு மருத்துவமனையையும் அதிகம் நம்பி வாழ்கிறவர்கள், அவற்றை நடத்தும் அவையைத் தேர்ந்தெடுப்பதில் மிகக் குறைவாகப் பங்கெடுக்கிறார்கள். என்னை உண்மையிலேயே வருத்துவது இதுதான்.

இரண்டையும் ஒரே நாளில் நடத்திவிட்டால் போகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 2024 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான 129ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவும் இந்தத் திசையில் போகிறது. வாக்குப்பதிவு ஏறும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஸ்வீடனின் 80உம் 44உம் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் வருகிறவர்களின் கவனம் எந்தச் சீட்டின் மேல் இருக்கும் என்பதற்கு அந்த எண்கள் பதில் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தில் 2007இல் அவைத் தேர்தலையும் உள்ளாட்சித் தேர்தலையும் வெவ்வேறு வாக்களிப்பு முறைகளோடு ஒரே நாளில் நடத்தினார்கள். அவைத் தேர்தலில் மட்டும் 1,40,000க்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாதவையாகின. அதற்கப்புறம் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். மாநில அரசு நன்றாக ஆண்டதா என்று தனியாக நின்று கேட்கும் நாளை இழந்து, அதற்கு ஈடாகப் பத்துப் பதினைந்து சதவீதம் வாக்குப்பதிவைப் பெறுவது எனக்கு லாபமாகத் தெரியவில்லை. மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கட்டாய வாக்களிப்பு வேறொரு வழி. ஆஸ்திரேலியாவில் அதை முதலில் கொண்டுவந்தது நாடல்ல, ஒரு மாநிலம்: 1915இல் குயின்ஸ்லாந்து. 1922 கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது நாட்டளவில் இன்னும் கட்டாயமாகவில்லை. நாடு முழுவதும் 60 சதவீதத்தைத் தொடவில்லை. ஆனால் மாநிலத் தேர்தலில் பழகிப்போன குயின்ஸ்லாந்தில் 80 சதவீதத்துக்கு மேல் பதிவானது. 1924இல் நாடும் அதே சட்டத்தை இயற்றியது. 1925இல் வாக்குப்பதிவு 91 சதவீதம். வாக்களிப்பது பழக்கமாகிவிட்டால் அது ஒரு தேர்தலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்பதற்கு அந்த 1922ஆம் ஆண்டு நல்ல சான்று. தண்டனைக்கு அஞ்சி வருவதைவிட அறிந்து வருவதே மேல் என்று நினைப்பவன் நான் என்பதால், சட்டத்தைவிட அந்தப் பழக்கம்தான் என்னை ஈர்க்கிறது.

அறிந்து வருவதற்குச் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. இந்த அவை எந்தெந்தத் துறைகளை நடத்துகிறது, எவற்றுக்கு அதற்குப் பொறுப்பில்லை, கடந்த ஐந்தாண்டில் எதற்கு எவ்வளவு செலவிட்டது என்று ஒரே பக்கத்தில், எந்தக் கட்சியின் பெயருமில்லாமல், தேர்தலை நடத்துகிறவர்களே அச்சிட்டு வாக்காளர் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பலாம். வாக்குச்சாவடி வாசலிலும் ஒட்டலாம். மருத்துவமனைக்கு இரண்டு அரசுகளும் பணம் கொடுத்தால், எது எவருடைய பங்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அந்த முதியவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். அவருக்கு நான் சொல்ல முடியாமல் போனதும் அவ்வளவுதான்.

மாலை ஆறு மணிக்கு வாசல் கதவை அடைத்தோம். கணக்கு எழுதி முடித்து, கோடிட்ட பட்டியலை உறைக்குள் வைப்பதற்கு முன், விதிப்படி ஒவ்வொரு பக்கத்தின் கோடுகளையும் எண்ணிக் கூட்டினேன். அந்த விடுதியின் பக்கத்தில் கூட்டுவதற்கு வேறு ஆறு பேர் இருந்தார்கள். ஆறு என்று எழுதி, பக்கத்தைப் புரட்டி, அடுத்ததை எண்ணினேன். பிறகு உறையை ஒட்டி அரக்கு வைத்தோம்.